வெள்ளிக்கிழமை வியாதி

உலகத்தில் மனிதர்களுக்கு வரும் வியாதிகள் பல வகை. சில மழைக் காலத்தில் வரும்; சில பனிக் காலத்தில் வரும். முறைக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மணி பார்த்துக்கொண்டு வரும். எனக்கு உள்ள வியாதி இவை எல்லாவற்றையும் விட ஒழுங்கானது. ஆகஸ்டு மாதம் நடுவில் ஆரம்பித்து, மறு வருஷம் மே மாதக் கடைசி வரையில், வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை சுமார் ஆறு மணிக்கு அது என்னிடம் வந்து சேரும். கைகால்கள் பரபரக்கும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்வேன். காப்பியில் சர்க்கரை போடவில்லை என்பது காப்பி முழுவதையும் குடித்த பிறகும் எனக்குத் தெரியாது. "இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவரை ஒன்றும் கேட்காதீர்கள்" என்று வந்தவர்களிடம் என் மனைவி சொல்லிவிடுவாள். வந்தவர்களும் நான் ஏதோ கடுமையான விரதம் இருப்பதாக எண்ணி, மரியாதையுடன் திரும்பிப் போய்விடுவார்கள்.

விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வியாதியின் பெயர் இங்கிலீஷ் புட்பால்.

"சனி, ஞாயிறு ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே என்ன அவஸ்தை?" என்று நேயர்கள் கேட்கலாம். சங்கதியே அங்கேதான் இருக்கிறது. ஆட்டம் பார்ப்பதில் சுகம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஆட்டத்தைப் பார்த்தே அறியாதவர்கள். ஆட்டம் பார்ப்பது பெரும்பாலும் துக்ககரமான காரியம். உண்மையான சுகம் ஆட்டத்துக்கு முதல் நாள் இருக்கிறது. கல்யாண வீட்டை எண்ணிப் பாருங்கள். முகூர்த்த நாளன்று புகையும், அவசரமும், பந்தியில் இடமில்லை என்ற கோபமுந்தான் மிச்சம். முதல் நாள் இரவோ? வாசலில் வாழை மரம் கட்டுவார்கள். கொல்லைப்புறத்தில் சமையற்காரர்கள் தேங்காய் துருவுவார்கள். இன்னும் ஒருவருக்கும் ஒருவர் மேலும் மனஸ்தாபம் வந்திருக்காது. எல்லாம் நன்றாகவே நடக்கப் போகிறது என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மனப்பூர்வமாக நம்புவார்கள். வெள்ளிக்கிழமை இரவு அத்தகையது. அன்று இருபது கோஷ்டிகளில் ஒன்றாவது இன்னும் தோற்கவில்லை!

மேற்படி இருபது கோஷ்டிகளைப் பற்றி, அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் முதல் வரிசைப் புட்பாலுக்குப் பிரீமியர் லீக் என்று பெயர். 1992-ம் வருஷத்திலிருந்து அந்தப் பெயரால் நடந்து வருகிறது. ஒவ்வொரு கோஷ்டியும் மற்றப் பத்தொன்பது கோஷ்டிகளோடும் இரண்டு முறை மோத வேண்டும். ஒரு முறை சொந்த ஊரில், ஒரு முறை அயலூரில். ஆக முப்பத்தெட்டு ஆட்டம். ஜயித்தால் மூன்று புள்ளி, சமமாக முடிந்தால் ஒரு புள்ளி, தோற்றால் மனோவியாகூலம். வருஷ முடிவில் முதலிடத்தில் இருப்பவர்களுக்குக் கோப்பை. கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்கள் அடுத்த கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட வேண்டும். வகுப்பில் முதல் மார்க்கு வாங்கிய பையனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் பரீட்சை முடிவு வெளியாகும் தினத்தில் உண்மையாகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவன் முப்பத்தைந்து மார்க்குப் பையன் அல்லவா? நான் முப்பத்தைந்து மார்க்குப் பையனின் கட்சி. என் கோஷ்டியின் பெயர் எவர்ட்டன்.

சென்னையில் குடியிருப்பவனுக்கும் எவர்ட்டனுக்கும் சம்பந்தம் ஏற்பட்ட கதை வருமாறு:

1997-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், மேற்படிப்புக்காக லிவர்பூல் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு பெரியவரின் வீட்டு மாடியறையில் எனக்கு ஜாகை கிடைத்தது. அவர் வாலிபத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு கங்காணியாக உயர்ந்து, அப்போதுதான் வேலையிலிருந்து விலகியிருந்தார். மனைவி இல்லை. ஒரே பெண், கலியாணமாகி அயலூரில் இருந்தாள். வீடு, குடிஸன் பார்க் என்னும் எவர்ட்டன் மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. அந்த மைதானம் ஊருக்கு வெளியே பொட்டலில் இருப்பதன்று; வரிசை வரிசையான சிறு வீடுகளுக்கு நடுவில், நம் ஊரில் கோயில் இருப்பது போல் இருந்தது. ஒரு மூலையில் ஒரு மாதாகோயிலும் உண்டு. ரசிகர்கள் உட்காரும் இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே அது நுழைந்துகொண்டு, தானும் ஆட்டம் பார்ப்பது போல் நிற்கும்.

எவர்ட்டன் கிளப்பின் பிறப்பே மாதாகோயிலில் தான். 1878-ம் வருஷத்தில் ஸெயிண்ட் டோமிங்கோ என்னும் மாதாகோயிலைச் சேர்ந்த வாலிபர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். மறு வருஷம் பெயரை எவர்ட்டன் என்று மாற்றினார்கள். உலகத்தின் முதல் புட்பால் லீக் 1888-ல் தொடங்கியபோது அதில் சேர்ந்த பன்னிரண்டு கிளப்புகளில் அதுவும் ஒன்று. அப்போது அவர்கள் ஆடிய இடம் ஆன்பீல்டு. 1892-ல் அந்த இடத்தின் வாடகை விஷயமாக ஜான் ஹௌல்டிங் என்பவரோடு தகராறு முற்றி, எவர்ட்டன்காரர்கள் பூங்காவுக்கு மறுபுறம் வந்து குடிஸன் பார்க்கைக் கட்டிக்கொண்டார்கள். காலி மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த ஹௌல்டிங், புதிதாக ஒரு கிளப்பை உண்டாக்கினார். அதுதான் உலகப் பிரசித்தி பெற்ற லிவர்பூல் கிளப். வாடகைத் தகராறு நம் ஊர்களிலும் தினந்தோறும் நடக்கிறது. ஆனால் அதிலிருந்து இவ்வளவு பெரிய காரியம் ஒன்றும் விளைந்ததாகக் காணோம்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை இரவு, பெரியவர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஆட்ட அட்டவணை ஒன்று. அதன் பக்கத்தில் லிட்டில்வுட்ஸ் கம்பெனியின் பந்தயச் சீட்டு. ஒரு துண்டுப் பென்சில். 1923-ல் ஆரம்பித்த அந்தக் கம்பெனி லிவர்பூல் நகரத்துக் கம்பெனியேயாகும். அதை நிறுவிய ஜான் மூர்ஸ் பிற்காலத்தில் எவர்ட்டன் கிளப்பின் தலைவராகவும் இருந்தார். வார முடிவில் எந்தெந்த ஆட்டங்கள் சமமாக முடியும் என்று குறித்து அனுப்பினால், சரியாகக் குறித்தவர்களுக்குப் பணம் கிடைக்கும். பெரியவருக்குப் பெரிய தொகை ஒன்றும் ஒரு நாளும் கிடைத்ததில்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆட்டமாகப் பெயரைப் படித்து, இந்தக் கோஷ்டியின் முழங்கால் நோய், அந்தக் கோஷ்டியின் மானேஜர் சண்டை, மற்றொரு மைதானத்தின் சேறு எல்லாவற்றையும் பரிசீலனை செய்து, பென்சிலை நாக்கில் நனைத்து ஒரு குறி போடுவார். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஜோசியர் நாள் பார்ப்பதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. எவர்ட்டன் ஆட்டத்துக்கு மட்டும் குறி போட மாட்டார். "சொந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, தம்பி" என்பார்.

"சனிக்கிழமை மூன்று மணிக்கு ஏன் ஆட்டம் வைக்கிறார்கள் தெரியுமா?" என்று அன்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். ஆலைகளில் வாரத்தில் ஆறு நாளும் பொழுது சாயும் வரை வேலை வாங்கிய காலத்தில், 1850-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, பெண்களுக்கும் இளம் பிராயத்தினருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் ஆலையில் வேலை கூடாது என்று விதித்தது. அந்த அரை நாள் விடுமுறை நாளடைவில் மற்றத் தொழிலாளருக்கும் பரவிற்று. இரண்டு மணிக்கு வேலை முடிந்து, முகம் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டு, நடந்து போய்ச் சேர்ந்தால் மணி மூன்று. "அந்த அரை நாளை எங்களுக்கு ஒருவரும் இனாமாகக் கொடுக்கவில்லை, கேட்டு வாங்கினோம். ஆகையால் அதை வீணாக்கக் கூடாது" என்றார் பெரியவர். அன்று முதல் புட்பாலை வெறும் விளையாட்டு என்று நினைப்பதை நான் விட்டுவிட்டேன்.

காலஞ்சென்ற அவருடைய சகோதரரின் ஆசனச் சீட்டு சும்மா இருந்தது. அதில் நான் உட்கார்ந்தேன். அந்த வருஷம் எவர்ட்டன் ஆடிய லட்சணத்தைக் கேட்பானேன்? 1998-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி, கடைசி ஆட்டத்தன்று, கீழே இறங்கும் நிலைமை வந்துவிட்டது. காவெண்ட்ரி கோஷ்டியோடு ஆடி ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. அதே சமயம் பால்டன் கோஷ்டி லண்டனில் செல்ஸியிடம் தோற்றது. இரண்டு பேருக்கும் நாற்பது புள்ளி. போட்ட கோல்களில் வாங்கிய கோல்களைக் கழித்துப் பார்த்ததில் எவர்ட்டனுக்குக் கொஞ்சம் நஷ்டம் குறைவு. ஆகவே பால்டன் இறங்கிற்று. பக்கத்து ஆசனத்தில் பெரியவர் அழுததை அன்று பார்த்தேன். என் முகத்தைத் துடைத்துக்கொண்ட கைக்குட்டை எப்படி நனைந்தது என்பதைப் பற்றி இங்கே பிரஸ்தாபிக்க வேண்டியதில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஊர் திரும்பினேன். அதன் பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் டெலிபோன். அவருக்கு மத்தியானச் சாப்பாடு முடியும் நேரம், எனக்கு மாலை ஆறு மணி. "தம்பி, பென்சில் எடுத்துக்கொண்டாயா?" என்று ஆரம்பிப்பார். பத்து ஆட்டத்தையும் ஒவ்வொன்றாக அலசுவோம். பந்தயச் சீட்டை அவர் விட்டு எத்தனையோ காலமாயிற்று, பென்சிலை விடவில்லை. ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை அந்த நாட்டு டெலிவிஷனில் நேராகக் காட்டக் கூடாது என்று வெகு காலமாக ஏற்பாடு இருந்து வந்திருக்கிறது. காட்டினால், சிறு கிளப்புகளின் மைதானங்களுக்கு ஜனங்கள் வர மாட்டார்கள் என்று பயம். ஆகவே, மைதானத்துக்கு எதிர் வீட்டில் இருப்பவர் பார்க்க முடியாத ஆட்டத்தை, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நான் சாய்வு நாற்காலியில் இருந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு அவருக்குச் சொல்வேன். "இருபத்தேழு வருஷம் துறைமுகத்தில் ஏற்றுமதி பார்த்தேன், இப்படி ஓர் இறக்குமதி பார்த்ததில்லை" என்பார்.

இத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமைகளில், 2023-ம் வருஷம் மே மாதம் 26-ந் தேதியைப் போல் ஒன்று வந்ததில்லை.

அந்த வார முடிவோடு வருஷக் கணக்கு முடிகிறது. கடைசி நாளில் மட்டும் பத்து ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். மற்றவன் பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டு ஒருவனும் விடை எழுதக் கூடாது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு மாலை நாலரை, நமக்கு இரவு ஒன்பது மணி. முதலிடப் பேச்சு முந்தின வாரமே முடிந்துவிட்டது. மான்செஸ்டர் ஸிட்டிக்குக் கோப்பை. ஆர்ஸனல் கோஷ்டி அந்தப் பருவத்தில் 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டுக் கடைசியில் நழுவ விட்டது. அடியிலிருந்த மூன்றில் ஸௌதாம்ப்டன் ஏற்கெனவே இறங்கிவிட்டது. மற்ற இரண்டு இடங்களுக்கு மூன்று பேர் உமேதுவார்கள்: எவர்ட்டன் 33 புள்ளி, லெஸ்டர் 31 புள்ளி, லீட்ஸ் 31 புள்ளி.

"கணக்குச் சொல்லு" என்றார் பெரியவர்.

கணக்கு எழுதி வைத்திருந்தேன். எவர்ட்டன் போர்ன்மத்தோடு குடிஸன் பார்க்கில் ஆடுகிறது. ஜயித்தால், மற்றவர்கள் என்ன செய்தாலும் கவலையில்லை. சமமாக முடித்தால் 34. அப்போது லெஸ்டர் வெஸ்ட் ஹாமை ஜயித்தால் அவர்களுக்கும் 34. கோல் கணக்கில் அவர்கள் நம்மை விட மேல். நாம் இறங்க வேண்டியதுதான். லீட்ஸ் டாட்டன்ஹாமை மூன்று கோல் வித்தியாசத்தில் ஜயித்தாலும் அப்படியே. தோற்றால், இருவரில் ஒருவர் ஜயித்தாலே போதும். நம் கதை முடிந்தது.

"நமக்கு யார் கோல் போடுவார்கள்?" என்றார்.

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் விடையில்லை. முப்பத்தேழு ஆட்டத்தில் எவர்ட்டன் போட்டிருந்தது மொத்தம் 33 கோல். முந்தின சனிக்கிழமை உல்வர்ஹாம்ப்டனில், ஆட்டம் முடியும் தறுவாயில், தொண்ணூற்றொன்பதாவது நிமிஷத்தில் எர்ரி மீனா என்னும் பின்வரிசைக்காரர் போட்ட கோலால் ஒரு புள்ளி கிடைத்து உயிர் தப்பியிருந்தது. முன்வரிசைக்காரரான கால்வர்ட்-லூயினுக்கு அதே ஆட்டத்தில் தொடையில் அடி. ஷான் டைச் என்னும் மானேஜர் ஜனவரி கடைசியில் தான் வந்து சேர்ந்திருந்தார். அவர் குரல் கரகரவென்று இருக்கும். அவர் கோஷ்டியின் ஆட்டமும் அப்படியே இருக்கும்.

நான் பேசாமல் இருப்பதைக் கண்டு, பெரியவரே பேசினார்.

"1951-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. மே மாதம் 5-ந் தேதி. ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று ஷெபீல்டுக்குப் போனார்கள். வெட்னெஸ்டே கோஷ்டி ஆறு கோல் போட்டது. நாம் ஒன்றும் போடவில்லை. அன்று ராத்திரி என் தகப்பனார் சாப்பிடவில்லை. பிறகு மேலே வர மூன்று வருஷம் ஆயிற்று. 1954-ல் வந்தோம், அப்புறம் இறங்கவில்லை. தம்பி, பன்னிரண்டு வயதுப் பையனிடம் மூன்று வருஷம் செலவழிக்கக் கையிருப்பு இருந்தது. எண்பத்து நாலு வயதுக் கிழவனிடம் இருக்கிறதா?"

நான் வழக்கமாகச் சிரித்துப் பதில் சொல்கிறவன். அன்று சொல்ல முடியவில்லை.

பெரியவருக்கு இருதயத்தில் கோளாறு. மைதானத்துக்குப் போகக் கூடாது, டெலிவிஷனிலும் பார்க்கக் கூடாது, ரேடியோ கூடக் கேட்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஜன்னலைத் திறந்து வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நாற்பதினாயிரம் பேர் கத்தினால் என் வீட்டுக் கண்ணாடி அதிரும். எந்தச் சத்தம் எதற்கு என்பது எனக்குத் தெரியாதா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆட்ட நேரம் முழுவதும் டெலிபோனைத் துண்டிக்காமல் வைத்திருப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

டெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், வீட்டில் வேறொரு சங்கடம் காத்திருந்தது. எங்கள் வீட்டில் உள்ளது ஒரே ஒரு டெலிவிஷன். மேற்படி ஞாயிற்றுக்கிழமை, மே 28-ந் தேதி இரவு ஏழரை மணிக்கு, ஆமதாபாத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் குஜராத் டைட்டன்ஸுக்கும் இறுதிப் போட்டி! என் இரண்டு பிள்ளைகள், மனைவி, எழுபத்தாறு வயதான என் தாயார் உள்பட எல்லோரும் தோனி பக்ஷம். நான் ஒருவன் எதிர்க்கட்சி.

"அப்பா, உலகத்தில் இருபதாவது கோஷ்டியா, பதினேழாவது கோஷ்டியா என்று பார்ப்பதற்காக எங்கள் பைனலை நிறுத்த வேண்டுமா?" என்றான் பெரியவன். நியாயமான கேள்வி. வோட்டு எடுத்ததில் நாலுக்கு ஒன்று. ஜனநாயகத்துக்குத் தலை வணங்கினேன். பத்து மணி, பத்தரை மணிக்கு விளம்பர சமயத்தில் மட்டும் இரண்டு நிமிஷம் மாற்றிக் காட்டுவதாகக் கருணை செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு, ஆமதாபாத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாணயம் சுண்டிப் போடக்கூட வழியில்லை. எட்டு மணிக்கும் மழை, எட்டரைக்கும் மழை. விடுவது போல் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பவும் பிடித்துக்கொண்டது. குடை பிடித்தவர்களையும் நனைந்த தார்பாய்களையும் எத்தனை நேரம் பார்க்கலாம்? ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் தாயார், "பாவம், அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, மழை விடுகிற வரைக்கும் அந்த உதைபந்தைத்தான் வையுங்களேன்" என்றாள். மழை விட்டால் உடனே மாற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் எனக்கு ராஜ்யம் கிடைத்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. டெலிபோன் காதில், கண் டெலிவிஷனில். அப்போது ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தேன். மைதானத்திலிருந்து படம் எங்கெங்கோ போய், ஆகாயத்தில் ஏறி இறங்கி, என் வீட்டுக்கு வந்து சேருவதற்குச் சில விநாடிகள் பிடிக்கின்றன. டெலிபோனோ, பெரியவர் வீட்டு ஜன்னல் வழியாக வரும் ஆரவாரத்தை முன்னாலேயே கொண்டு வந்துவிடுகிறது. படத்தில் எவர்ட்டன்காரர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்குவார். அதற்குள் டெலிபோனில் "ஐயோ" என்று ஒரு பெருமூச்சு எழும். ஆகவே, அடி வீணாகப் போகிறது என்று தெரிந்துகொண்டே நான் அதைப் பார்க்க வேண்டும். பின்னால் வரப் போவதை முன்னாலேயே அறிந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அன்று தெரிந்தது. நம் பெரியவர்கள் ஞான திருஷ்டி பெற்ற முனிவர்களைக் காட்டுக்குப் போகச் சொன்னது காரணத்தோடு தான்.

முப்பத்து நாலாவது நிமிஷத்தில் லெஸ்டரில் கோல் விழுந்தது. ஹார்வி பார்ன்ஸ் என்பவர் போட்டார். குடிஸன் பார்க்கில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கணக்கு மாறிவிட்டது. அந்த நிமிஷத்தில் எவர்ட்டன் கீழே இறங்கும் கோஷ்டி. சமாசாரம் மைதானத்துக்குள் பரவியிருக்க வேண்டும். டெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்த முழக்கம் மெள்ள மெள்ள அடங்கி, அடியோடு நின்றுவிட்டது. நாற்பதினாயிரம் பேரின் மௌனம் எப்படியிருக்கும் என்று அதுவரை நான் கேட்டதில்லை.

"லெஸ்டரா?" என்றார் பெரியவர்.

"ஆமாம்" என்றேன்.

அதற்கு மேல் இருபத்து மூன்று நிமிஷ ஆட்டம், இடைவேளை வேறு, ஒருவரும் பேசவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அது கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று கவனிப்பதிலேயே என் புத்தி இருந்தது. மழை விட்டதா என்று கேட்க வந்த சின்னவன் கூட, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஐம்பத்தேழாவது நிமிஷம். என் எதிரில், போர்ன்மத் பெட்டிக்குள் பந்து உயரத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அப்போது டெலிபோனில் இடி விழுந்தது போல் ஒரு சத்தம்! கருவியைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அறையிலிருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. "என்னடா அது?" என்று என் தாயார் எழுந்து நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. டெலிவிஷனைச் சுட்டிக் காட்டினேன். எதிரி தலையால் முட்டி வெளியே அனுப்பிய பந்து பெட்டியின் விளிம்பில் வந்து இறங்கிற்று. அப்துலாயே டூகூரே ஓடி வந்து, அது தரையில் பட்டு எழும்பும் போதே ஓங்கி அடித்தார். வலைக்குள் போயிற்று. எங்கள் வீட்டில் ஆறு விநாடி தாமதமாக ஆரவாரம் எழுந்தது. தோனி பக்ஷத்தார் நாலு பேரும் குதித்தார்கள்!

அதோடு முடிந்துவிட்டதா? இன்னும் அரை மணிக்கு மேல் பாக்கி. தொண்ணூறு நிமிஷம் ஆனபின் ரெபரி பத்து நிமிஷம் கூட்டிக் கொடுத்தார். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி எழுதி நேயர்களின் இருதயத்தையும் நான் கெடுக்க விரும்பவில்லை. கடைசியில் ஊதல் ஊதிற்று. ஒன்றுக்குப் பூஜ்யம். எவர்ட்டன் 36 புள்ளி. லெஸ்டர் தன் ஆட்டத்தை ஜயித்தும் 34 புள்ளியோடு இறங்கிற்று. 2016-ல் ஐயாயிரத்துக்கு ஒன்று என்று பந்தயக்காரர்கள் பரிகசித்த நிலையில் கோப்பை வென்று உலகத்தை வியக்க வைத்த அதே லெஸ்டர்! நாலுக்கு ஒன்று என்று தோற்ற லீட்ஸும் இறங்கிற்று. அதே நேரத்தில் ஸௌதாம்ப்டனில், யாருக்கும் லாப நஷ்டமில்லாத ஓர் ஆட்டத்தில், லிவர்பூலுக்கு நாலு, ஸௌதாம்ப்டனுக்கு நாலு என்று எட்டுக் கோல்கள் விழுந்தன. எட்டுக் கோலுக்கு ஒருவரும் அழவில்லை. ஒரு கோலுக்கு ஒரு நகரத்தில் பாதி அழுதது.

"மூன்று வருஷம் மிச்சம், தம்பி" என்றார் பெரியவர். பிறகு, "ஜன்னலைச் சாத்தப் போகிறேன், குளிர்கிறது" என்று டெலிபோனை வைத்துவிட்டார்.

ஆமதாபாத் ஆட்டம் மறுநாளைக்கு ஒத்தி வைக்கப்பட்டது. திங்கட்கிழமை நள்ளிரவுக்கு மேல், கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா பத்து ஓட்டம் எடுத்துச் சென்னைக்குக் கோப்பையைச் சேர்த்தார். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் விழித்திருந்து கத்தினேன். பட்ட கடனைத் தீர்க்க வேண்டாமா?

பிறகு நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். நூற்று முப்பத்து மூன்று வருஷம் ஆடிய குடிஸன் பார்க்கில், எவர்ட்டன் ஆண்கள் கோஷ்டி 2025-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி கடைசியாக ஆடிற்று. ஸௌதாம்ப்டனை இரண்டு கோலால் ஜயித்து விடை பெற்றார்கள். மைதானத்தை இடிக்காமல், பெண்கள் கோஷ்டியின் சொந்த மைதானமாக்கியது நல்ல காரியம். ஆண்களுக்கு மெர்ஸி நதிக்கரையில், பிராம்லி-மூர் என்னும் பழைய கப்பல் துறையைத் தூர்த்துப் புது மைதானம் எழுந்தது. பெரியவர் வாலிபத்தில் மூட்டை இறக்கிய துறை அதுவேதான். "நான் வேலை செய்த இடத்தில் அவர்கள் விளையாடப் போகிறார்கள், என் வீட்டுக்குப் பக்கத்தில் இனிமேல் நான் மட்டும்" என்றார்.

புது மைதானத்தில் முதல் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்டு 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிரைட்டன் கோஷ்டியோடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு, வழக்கம் போல் டெலிபோன் அடித்தது. பத்து ஆட்டத்தையும் அலசினோம். எண்பத்தாறு வயதிலும் ஒரு கோஷ்டியின் முழங்கால் நோயை அவர் மறக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் சற்று நேரம் சும்மா இருந்தார்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஒன்றும் கேட்காது. இரண்டு மைலுக்கு அப்பால் போய்விட்டார்கள்" என்றார்.

"அதனால் என்ன? நான் டெலிபோனை டெலிவிஷன் பக்கத்தில் வைக்கிறேன்" என்றேன்.

"சில விநாடி தாமதமாகக் கேட்குமே?"

"கேட்கும். ஆனால் கட்டாயம் கேட்கும்."

எவர்ட்டன் அன்று இரண்டு கோல் போட்டு ஜயித்தது. முதல் கோல் விழுந்தபோது, சின்னவன் என் கையிலிருந்து டெலிபோனைப் பிடுங்கி, பெட்டிக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டான். மறுமுனையில் ஒரு கிழக் குரல் சிரித்தது எங்களுக்கெல்லாம் கேட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, டெலிபோன் பக்கத்தில் பென்சிலோடு அவனும் உட்கார்ந்திருந்தான். வியாதி தொத்துவியாதி என்பதை அப்போதுதான் என் மனைவி கண்டுகொண்டாள்.